பழைய செடான் வாங்குமுன்: விலையோடு பழுதையும் கணக்கில் சேர்ப்போம்

பயன்படுத்திய கார் வாங்கக் கடன் கேட்டு வருவோரிடம் எங்கள் கிளைகளில் இரண்டு கேள்விகள் கேட்கப்படுகின்றன. காரின் விலை என்ன என்பது முதற்கேள்வி. இதற்கு எல்லோரும் உடனே விடை கூறுகின்றனர். வாங்கிய முதல் ஆண்டில் பழுதுபார்க்க எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்பது இரண்டாம் கேள்வி. இதற்குப் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. மாதத் தவணை தவறும் பழைய கார்க் கடன்கள் பலவற்றின் வேர் இந்த இரண்டாம் கேள்வியில்தான் இருக்கிறது. ஆகவே, நடுத்தரக் குடும்பங்கள் பெரிதும் விரும்பும் சிறிய செடான் வகைக் கார்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் எவை பழுதாகும், எவ்வளவு செலவாகும், அச்செலவைக் கடனோடு எவ்வாறு பொருத்திப் பார்ப்பது என்பதை இவ்விதழில் காண்போம்.

நான்கு மீட்டர் செடான்

நீளம் நான்கு மீட்டருக்குள் அடங்கும் செடான் வகை நம் நாட்டின் வரிச் சட்டத்தால் பிறந்தது. 2006-07 நிதிநிலை அறிக்கையில், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோலுக்கு 1,200, டீசலுக்கு 1,500 கனசென்டிமீட்டருக்கு மிகாத எஞ்சினும் கொண்ட கார்களுக்குக் கலால் வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2008-இல் டாடா இண்டிகோ சி.எஸ். இந்த அளவுக்குள் வந்தது. 2008-இல் அறிமுகமானபோது நான்கு மீட்டரைத் தாண்டியிருந்த மாருதி ஸ்விஃப்ட் டிசைர், 2012-இல் 3,995 மில்லிமீட்டராகச் சுருங்கியது. ஹோண்டா அமேஸ் 2013-இலும், ஹூண்டாய் எக்சென்ட் 2014-இலும், டாடா டிகோர் 2017-இலும் வந்தன. இன்று பழைய கார்ச் சந்தையில் நாம் காணும் சிறிய செடான்களில் பெரும்பகுதி இவையே.

இவ்வகைக் கார்களுக்கு உதிரிபாகங்கள் எளிதில் கிடைக்கும். இவற்றை அறிந்த மெக்கானிக் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் வாடகைக் கார்களாக மிகுதியாக ஓடியவையும் இவையே. நல்ல வண்டியும் தேய்ந்த வண்டியும் ஒரே வண்ணப் பூச்சில் அருகருகே நிற்பதற்கு இதுவே காரணம்.

ஆறு ஆண்டு கடந்த காரில் எவை தேயும்?

கீழே தரப்படும் தொகைகள், நிறுவனத்தைச் சாராத நல்ல பணிமனையில், தரமான உதிரிபாகமும் கூலியும் சேர்த்து ஏறத்தாழ ஆகக்கூடியவை. ஊருக்கு ஊர், மாடலுக்கு மாடல் இவை மாறும். நிறுவனப் பணிமனையில் கூடுதலாகும். கொள்முதலுக்கு முன் திட்டமிட இவை போதுமானவை.

டயர்கள்: நான்கும் மாற்ற ரூ.16,000 முதல் 26,000 வரை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளம் நன்றாக இருந்தாலும் ஆறு ஆண்டு கடந்த டயரை நம்பி நெடுஞ்சாலையில் செல்லலாகாது.

முன்பக்க சஸ்பென்ஷன்: நம் சாலைகளிலும் வேகத்தடைகளிலும் முதலில் தேய்வது இதுவே. லோயர் ஆர்ம், லிங்க் ராடு, புஷ்கள், ஷாக் அப்சார்பர் இரண்டு என முழுமையாகச் செய்தால் ரூ.10,000 முதல் 18,000 வரை. கண்ணாடிகளை ஏற்றி, பாட்டை நிறுத்திவிட்டு, மெதுவாக ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால் 'டக்' என்னும் ஓசை காட்டிக்கொடுக்கும்.

கிளட்ச்: தட்டு, பிரஷர் பிளேட், பேரிங் சேர்த்து ரூ.8,000 முதல் 15,000 வரை. நான்காம் கியரில் மெதுவாகச் செல்லும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எஞ்சினின் ஓசை மட்டும் ஏறி, வண்டியின் வேகம் ஏறாவிட்டால், கிளட்ச் நழுவுகிறது என்று பொருள்.

ஏ.சி.: வெறும் கேஸ் நிரப்புவதோடு முடியும் என்று விற்பவர் கூறினால் ஐயுறுக. கேஸ் தானாகத் தீர்வதில்லை, எங்கோ கசிகிறது. கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் இருப்பதால் அதைக் கழற்றி மாற்ற ரூ.6,000 முதல் 10,000 வரையும், கம்ப்ரசர் மாற்ற ரூ.12,000 முதல் 25,000 வரையும் ஆகலாம்.

குளிரூட்டும் அமைப்பு: ரேடியேட்டர் மாற்ற ரூ.4,000 முதல் 7,000 வரைதான். ஆனால் கூலன்டுக்குப் பதில் வெறும் நீரை ஊற்றி ஓட்டிய வண்டியில் துரு சேர்ந்து, எஞ்சின் சூடேறி, ஹெட் கேஸ்கட் போனால் ரூ.15,000-க்கு மேல் ஆகும். ஹெட் வளைந்துவிட்டால் அதற்கும் மேல். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் தொட்டியைப் பாருங்கள். பழுப்பு நிறம் நல்லதன்று. எண்ணெய் மிதந்தால் அந்த வண்டியை விட்டுவிடுவதே நலம்.

பேட்டரிக்கு ரூ.4,000 முதல் 6,500 வரையும், பிரேக் பேடுகளுக்கு ரூ.1,500 முதல் 3,000 வரையும் வைத்துக்கொள்ளலாம். ஸ்டியரிங் ரேக்கில் ஆட்டம் இருந்தால் பழுதின் தன்மைக்கேற்ப ரூ.8,000 முதல் 25,000 வரை ஆகலாம்.

டீசல், தானியங்கி கியர், சி.என்.ஜி.

2012-க்குப் பிந்தைய டிசைர் டீசலில் இருப்பது ஃபியட் வழிவந்த 1,248 கனசென்டிமீட்டர் எஞ்சின். டாடா ஜெஸ்ட் உள்ளிட்ட பிற கார்களிலும் இதே எஞ்சின் பொருத்தப்பட்டதால் இதன் குணமும் குறையும் மெக்கானிக்குகளுக்கு நன்கு தெரியும். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 மாசு விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. எனவே இன்று சந்தைக்கு வரும் இவ்வகை டீசல் டிசைர் ஒவ்வொன்றும் ஐந்து ஆண்டுக்கு மேல் ஓடியது.

டீசலில் பெரிய செலவுகள் நான்கு. டர்போசார்ஜர் புதிதாக மாற்ற ரூ.20,000 முதல் 40,000 வரை ஆகும். இன்ஜெக்டர்கள் நான்கில் ஒவ்வொன்றும் புதிதாக வாங்கினால் ரூ.10,000-ஐ ஒட்டி வரும். டைமிங் செயின் தளர்ந்தால் அதன் தொகுப்பை மாற்ற ரூ.10,000 முதல் 18,000 வரை. புகையை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்தால் சுத்தம் செய்ய ஓரிரு ஆயிரமும், மாற்ற அதைவிடப் பல மடங்கும் ஆகும். காலையில் முதன்முறை ஸ்டார்ட் செய்யும்போது செயினின் சலசலப்பும், முடுக்கும்போது கரும்புகையும் முன்னறிவிப்புகள். ஆகவே, நாம் வந்து பார்க்கும்முன் எஞ்சினைச் சூடேற்றி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்னதாகவே கூறிவிட வேண்டும்.

ஏ.எம்.டி. எனப்படும் தானியங்கி கியர் உள்ள கார்களில் கிளட்ச் தேய்வதோடு, அதை இயக்கும் ஆக்சுவேட்டரும் பழுதாகலாம். இது ரூ.25,000-க்கு மேல் செலவு வைக்கக்கூடிய பாகம். கியர் மாறும்போது குலுக்கல் மிகுந்தாலோ, நின்ற இடத்தில் நியூட்ரலுக்குத் தானே சென்றாலோ, கணினிச் சோதனை செய்யாமல் வாங்கலாகாது.

சி.என்.ஜி. பொருத்திய காரில் மூன்றைக் கேட்க வேண்டும்: பதிவுச் சான்றிதழில் சி.என்.ஜி. குறிக்கப்பட்டுள்ளதா, காப்பீட்டுப் பத்திரத்தில் சேர்க்கப்பட்டுள்ளதா, மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சிலிண்டர் அழுத்தச் சோதனை நடந்துள்ளதா. இம்மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் விபத்தின்போது இழப்பீடு கேள்விக்குறியாகும்.

கிலோமீட்டர் கணக்கும் மறைந்த வரலாறும்

ஓடோமீட்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்பி விலை பேசுவது ஆபத்து. அதைத் திருத்துவது எளிது. தேய்மானத்தைத் திருத்துவது கடினம். 45,000 கிலோமீட்டர் என்று காட்டும் வண்டியில் பிரேக் பெடலின் ரப்பர் மழுங்கியும், ஸ்டியரிங் தோல் பளபளத்தும், ஓட்டுநர் இருக்கை ஓரம் அமுங்கியும் இருந்தால், அவற்றின் சாட்சியையே ஏற்க வேண்டும். நிறுவனப் பணிமனையில் சர்வீஸ் செய்யப்பட்ட வண்டியானால், எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்னும் பதிவு அங்கே இருக்கும். அதை விற்பவர் வழியே பெற்றுத் தரச் சொல்வதில் தவறில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் இன்னொரு வகை. 2015-இல் சென்னையிலும், 2018-இல் கேரளத்திலும், 2023 டிசம்பரில் மீண்டும் சென்னையிலும் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. அத்தகைய வண்டி வேறு ஊருக்குச் சென்று விற்கப்படலாம். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை தெரியக்கூடும். ஸ்டெப்னி வைக்கும் குழியில் மணலும், இருக்கைத் தண்டவாளத்தில் துருவும் இருந்தால் மின்சார அமைப்பு பின்னாளில் ஒவ்வொன்றாகப் பழுதாகும். அச்செலவுக்கு மதிப்பீடு எவராலும் தர இயலாது. இத்தகைய வண்டியை எவ்வளவு குறைந்த விலைக்கும் வாங்கலாகாது.

நிறுவனம் திரும்ப அழைத்த வண்டியா என்பதையும் சேசிஸ் எண்ணைக் கொண்டு நிறுவனத்திடம் கேட்டறியலாம். 2014-இல் எரிபொருள் நிரப்பும் குழாயைச் சோதிக்க எர்டிகா, ஸ்விஃப்ட், டிசைர் கார்கள் 1,03,311-ஐ மாருதி திரும்ப அழைத்தது. 2024 அக்டோபரில் எரிபொருள் பம்பை மாற்ற அமேஸ் உள்ளிட்ட 90,468 கார்களை ஹோண்டா அழைத்தது. இவ்வகைப் பணிகள் இலவசம். முந்தைய உரிமையாளர் செய்யத் தவறியிருந்தால், நாம் கேட்டுப் பெறலாம்.

ஒரு கணக்கு

இனி, இவற்றைப் பணத்தின் மொழியில் பார்ப்போம். ஒரே ஆண்டில் பதிவான, ஒரே மாடல் பெட்ரோல் செடான்கள் இரண்டு விற்பனைக்கு உள்ளன என்று கொள்வோம். முதல் காரின் விலை ரூ.4,00,000, இரண்டாம் காரின் விலை ரூ.4,50,000. வாங்குபவரின் கையிருப்பு ரூ.1,50,000. விலையில் 80 விழுக்காடு கடன், ஆண்டு வட்டி 12 விழுக்காடு, தவணைகள் 48 என்று வைத்துக்கொள்வோம். வட்டியும் கடன் விகிதமும் கணக்கிற்காக எடுத்துக்கொண்டவை. நடப்பு விவரங்களைக் கிளையில் அறியலாம்.

மெக்கானிக் பரிசோதித்தபின் முதல் காருக்குத் தரும் பட்டியல்: கிளட்ச் 11,000, டயர்கள் 20,000, சஸ்பென்ஷன் 14,000, ஏ.சி. 18,000, பேட்டரி 5,000, முழு சர்வீஸ் 7,000. மொத்தம் ரூ.75,000. இரண்டாம் காருக்கு: பிரேக் பேடுகள் 3,000, முழு சர்வீஸ் 7,000. மொத்தம் ரூ.10,000.

முதல் காருக்குக் கடன் ரூ.3,20,000, மாதத் தவணை ரூ.8,427. இரண்டாம் காருக்குக் கடன் ரூ.3,60,000, மாதத் தவணை ரூ.9,480. தவணையை மட்டும் பார்த்தால் முதல் கார் மாதம் ரூ.1,053 இலாபம். நான்காண்டு முடிவில் முன்பணம், தவணைகள், இந்தப் பழுதுச் செலவு மூன்றையும் கூட்டினால் முதல் காருக்கு ரூ.5,59,496, இரண்டாம் காருக்கு ரூ.5,55,040. வேறுபாடு ஐயாயிரத்துக்கும் குறைவு. ஏறக்குறைய சமம் என்றே சொல்லலாம்.

உண்மையான வேறுபாடு, பணம் எந்த நாளில் தேவைப்படுகிறது என்பதில் இருக்கிறது. முதல் காருக்கு முன்பணம் 80,000 போகக் கையில் எஞ்சுவது 70,000. காப்பீடு, பெயர் மாற்றம் முதலியவற்றுக்கு 25,000 என்றால் மீதி 45,000. பழுதுக்கு வேண்டியது 75,000. துண்டு விழுவது ரூ.30,000. இரண்டாம் காருக்கு முன்பணம் 90,000, காப்பீடும் பிறவும் 25,000, பழுது 10,000 போக ரூ.25,000 கையில் இருக்கும்.

துண்டு விழும் அந்த 30,000-க்காகக் கடன் அட்டையையோ, வீட்டு நகையையோ, கைமாற்றையோ நாட நேர்கிறது. அதன் வட்டி மேற்கண்ட கணக்கில் சேரவில்லை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்திற்கு அலையும் நிலை இது. கார் விலைக்குத்தான் வங்கி கடன் தருகிறது; கிளட்சுக்கும் டயருக்கும் ரொக்கமே வேண்டும். பழுதுபார்க்கப் பணமின்றிக் கார் பணிமனையில் நிற்கும் மாதத்திலும் தவணை நாள் வந்தே தீரும். அந்தக் காரை ஓட்டிப் பிழைப்பவராயின் இருபக்கமும் இழப்பு.

கடனை எவ்வாறு அமைப்பது?

முதலாவதாக, பரிசோதனைக்குப் பின்னரே விலை பேசுக. அறிந்த மெக்கானிக்கை அழைத்துச் சென்று, காரை உயர்த்தி அடிப்பகுதியைப் பார்த்து, கணினிச் சோதனையும் செய்ய ஓரிரு ஆயிரம் ரூபாய் ஆகலாம். எழுத்தில் பெற்ற பழுதுப் பட்டியலே விலை குறைப்பதற்கு உகந்த ஆதாரம். மேற்கண்ட முதல் காரின் விற்பனையாளர் அப்பட்டியலைக் கண்டு விலையை ரூ.3,40,000 ஆகக் குறைப்பாரானால் அதுவும் வாங்கத்தக்க காரே.

இரண்டாவதாக, புதிய காரின் விலையோடு ஒப்பிடுக. 2025 செப்டம்பர் 22 முதல் இவ்வகைச் சிறிய பெட்ரோல், டீசல் கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துள்ளது. பழைய விலையை மனத்தில் வைத்துக் கேட்கப்படும் தொகையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக, தவணைக் காலத்தைச் சுருக்குக. ரூ.3,60,000 கடனை 60 தவணைகளாக்கினால் மாதம் ரூ.8,008 செலுத்தினால் போதும். ஆயினும் மொத்த வட்டி ரூ.95,040-லிருந்து ரூ.1,20,480 ஆக உயரும். எட்டு வயதான காருக்கு ஐந்தாண்டுக் கடன் என்றால், கடன் முடியும்போது காருக்கு வயது பதின்மூன்று. பெரும் பழுதுகள் வரும் ஆண்டுகளிலும் தவணை தொடரும்.

நான்காவதாக, காருக்கென்று ஒரு தொடர் வைப்புக் கணக்குத் தொடங்குக. மாதம் ரூ.2,000 சேர்த்தால் ஆண்டுக்கு ரூ.24,000 முதலாகச் சேரும். தவணையையும் இந்த இரண்டாயிரத்தையும் சேர்த்தே 'காரின் மாதச் செலவு' என்று கொள்க. அந்தத் தொகை வருமானத்துக்குள் அடங்காவிட்டால், அதைவிட விலை குறைந்த காரே பொருத்தமானது.

தாள்களில் தவறு நேரலாகாது

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 50-ஆம் பிரிவின்படி, விற்றவர் ஒரே மாநிலத்துக்குள்ளாயின் 14 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாள்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். 29, 30 எண் படிவங்கள் இதற்குரியவை. வண்டியின் மீது பழைய கடன் இருந்தால், கடன் தந்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் 35-ஆம் எண் படிவமும் பெற்று அப்பதிவை நீக்கிய பின்னரே முழுத் தொகையையும் தருக. வேறு மாநில வண்டியானால் 28-ஆம் எண் படிவத்தில் தடையின்மைச் சான்று வேண்டும். இங்கே மீண்டும் சாலை வரி செலுத்த நேரும். தில்லித் தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு நீதிமன்ற ஆணைகளின்படி கட்டுப்பாடுகள் வந்து, அவை திருத்தப்பட்டும் உள்ளன. அங்கிருந்து வரும் வண்டி மலிவாகத் தோன்றினால், வரியையும் எஞ்சிய பதிவுக் காலத்தையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

காப்பீட்டை 14 நாள்களுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இல்லையேல் நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். முந்தைய உரிமையாளர் பெற்றுவந்த 'நோ கிளெய்ம் போனஸ்' அவருக்கே உரியது, வண்டியோடு வராது. எனவே அவர் செலுத்திய பிரீமியத்தை வைத்து நம் செலவைக் கணக்கிடலாகாது.

விற்பவருக்கும் ஒரு சொல். பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாக்கியுள்ளது. பெயர் மாறும்வரை விபத்தின் பொறுப்பு விற்றவரைத் தொடரும்.

கையொப்பமிடுமுன்

1. எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பார்த்தோமா?
2. சர்வீஸ் பதிவும் ஓடோமீட்டரும் ஒத்துப்போகின்றனவா?
3. பழுதுப் பட்டியலை எழுத்தில் பெற்று, விலையில் கழித்தோமா?
4. முன்பணம், காப்பீடு, பெயர் மாற்றம், முதலாண்டுப் பழுது ஆகிய நான்கும் போகக் கையில் மூன்று மாதத் தவணைக்காவது பணம் எஞ்சுகிறதா?
5. கடன் முடியும் ஆண்டில் காருக்கு என்ன வயது?

இவற்றுள் நான்காம் கேள்விக்கு 'இல்லை' என்பது விடையானால், கார் எவ்வளவு நன்றாக இருப்பினும் சில மாதம் பொறுத்துச் சேமித்து வாங்குவதே நன்று. கடன் விண்ணப்பத்துடன் மெக்கானிக்கின் பழுதுப் பட்டியலையும் கிளைக்குக் கொண்டு வாருங்கள். இரண்டையும் ஒருங்கே வைத்து, உங்கள் வருமானம் தாங்கக்கூடிய கடன் எவ்வளவு என்பதை எங்கள் அலுவலர்கள் கணக்கிட்டுக் காட்டுவார்கள்.